ரத்து அதிகாரி காலமானார்!

போன் அலறியது.

லிஃப்டுக்குள் நின்றிருந்த அவள், கைப்பையைத் துழாவி எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க சார்..."

"அந்த ஒண்ணு கிடைச்சுதா?" மறுமுனையில் ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்ட்.

"இல்ல சார். தேடிக்கிட்டேதான் இருக்கேன்."

"திங்கட்கிழமை விசாரணை. கணக்குல ஒண்ணு குறைஞ்சா உன் தலைதான் உருளும். ஞாபகம் வச்சுக்கோ!"

டொக்.

அவள் அரசு ஆஸ்பத்திரி ஊழியர். பத்தொன்பது வருட சர்வீஸ். டூட்டி முடிந்த கையோடு நேராக வந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவர். வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பத்து நாளாகச் சோறு இறங்காத முகம்.

"என்னவாம்?" என்றார்.

"அது என் ஆபீஸ் வம்பு. திங்கட்கிழமைதான். உங்க வம்பு இன்னிக்கு அஞ்சு மணிக்கு! முதல்ல இதை முடிப்போம்."

அவர் வம்பு ஒரு சூட்கேஸில் ஆரம்பித்தது.

'ஒரு மணி நேரம் வந்து உட்காருங்கள், இலவச சூட்கேஸ் வாங்கிச் செல்லுங்கள்' என்று யாரோ போனில் கூப்பிட, மனுஷன் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஐந்து மணி நேரமானது. ஏசி... ஜூஸ்... சுற்றிலும் டை கட்டிய நாலு பேர்! வெளியே வந்தபோது கையில் சூட்கேஸ் இருந்தது. அதற்குள் ஒரு டைம்ஷேர் ஒப்பந்தம் இருந்தது.

வருஷத்துக்கு ஒரு வாரம் கடற்கரை பங்களா. முப்பது வருஷத்துக்கு! பராமரிப்புக் கட்டணம் தனி. அவருக்குப் பிறகு அந்த பாக்கியம் மகளுக்கு. முன்பணமாகப் போனது, அதே மகளின் காலேஜ் ஃபீஸ்.

சூட்கேஸின் ஜிப் அன்று சாயங்காலமே பிய்ந்துவிட்டது.

"ஒரு வக்கீலைக் கூட்டிட்டு வந்திருக்கலாமோ..." என்றார் கணவர்.

"எதுக்குங்க? வெள்ளைத்தாள் ஒண்ணு. தேதி, ஒப்பந்த நம்பர், 'ரத்து செய்கிறேன்'னு ஒரு வரி, உங்க கையெழுத்து. ரெண்டு காப்பி. அவ்வளவுதான்! காரணம்கூடச் சொல்ல வேண்டாம்னு அவங்களே போட்டிருக்காங்க. ஒரு லெட்டர் எழுதத் தெரியாதா நமக்கு?"

நாற்பத்தொரு பக்கத்தையும் படித்தவள் அவள் ஒருத்திதான். எழுதியவனே படித்திருப்பானா என்பது சந்தேகம். முப்பத்தெட்டாம் பக்கத்தில், எறும்புக்கு மட்டுமே தெரிகிற எழுத்தில் இருந்தது அந்த விதி. பத்து நாளுக்குள் ரத்து செய்யலாம். தபால் செல்லாது. போன் செல்லாது. பத்தாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து, 'ரத்து அதிகாரி' கையில் கடிதம் கொடுத்து, அவர் கையெழுத்து வாங்க வேண்டும்.

இன்று பத்தாம் நாள்!

டைம்ஷேர் கம்பெனி இருந்த மாடியில் லிஃப்ட் திறந்தது. வரவேற்பறைப் பெண் பல் வரிசை மொத்தத்தையும் காட்டிச் சிரித்தாள்.

"வாங்க சார், வாங்க மேடம்! அடடா... மணி நாலு ஐம்பத்தெட்டு ஆயிடுச்சே!"

கணவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். பத்து நாளில் முதன்முறையாக அவர் முதுகு நிமிர்ந்தது.

"உங்க கடிகாரம் பதினஞ்சு நிமிஷம் முந்துது மேடம். இப்ப நாலு நாற்பத்து மூணு."

"அது... பேட்டரி வீக்கா இருக்கும் சார்."

"பேட்டரி வீக்கானா பின்தங்கும். இவ்வளவு முந்தணும்னா யாராவது ஸ்டூல் போட்டு ஏறித் திருப்பணும்."

பல் வரிசை மறைந்தது.

"என்ன விஷயமா வந்தீங்க?"

"ரத்து!" என்றாள் அவள்.

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த கிளார்க்கின் விரல்கள் சட்டென்று நின்றன. பிறகு தொடர்ந்தன. வரவேற்பறைப் பெண்ணின் கை மேஜைக்கு அடியில் எதையோ அழுத்தியது.

"உட்காருங்க. ரத்து அதிகாரி உள்ளேதான் இருக்கார். டீ கொடுத்துட்டு, நீங்க வந்திருக்கறதா சொல்லிடறேன்..."

டீ கப்போடு உள்ளே போனாள். கதவு மூடியது.

ஒன்று... இரண்டு... மூன்று...

"ஐயோஓஓ!"

தண்ணீர் கேன் மேலிருந்த பிளாஸ்டிக் டம்ளர்கள் ஆடுகிற அளவுக்கு ஒரு அலறல்!

கணவனும் மனைவியும் பதறி எழுந்தார்கள். மூலையிலிருந்த கிளார்க் பதறவில்லை. பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

உள்ளே...

நாற்காலிக்குப் பக்கத்தில், கம்பளத்தின் மேல் மல்லாந்து கிடந்தார் ரத்து அதிகாரி. ஐம்பது வயது. அடர்ந்த மீசை. வலது கை நெஞ்சில். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவருடைய மூக்குக் கண்ணாடி மட்டும் பத்திரமாக மடித்து மேஜை மேல் வைக்கப்பட்டிருந்தது.

பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார் மேனேஜர். கழுத்தில் சிவப்பு டை.

"போயிட்டாரா? அடக் கடவுளே... போயிட்டாரா!"

"டாக்டரைக் கூப்பிடுங்க சார்!" கணவர் கத்தினார்.

"பிரயோஜனமில்ல சார். ஹார்ட் அட்டாக். பார்த்தாலே தெரியலையா?"

அதற்குள் வரவேற்பறைப் பெண் வெளிக் கதவில் ஒரு போர்டை மாட்டிவிட்டாள். 'துக்கம் காரணமாக இன்று விடுமுறை'. லேமினேட் செய்த போர்டு. மாட்டி மாட்டி மூலை மழுங்கியிருந்தது.

"எங்க லெட்டர்..." என்றார் கணவர்.

"யார் வாங்கறது சார்? வாங்க வேண்டியவர் இதோ கிடக்கார்." மேனேஜர் கைக்குட்டையால் வராத கண்ணீரைத் துடைத்தார். "புது அதிகாரி வர ஒரு மாசமாகும். உங்க பத்து நாள் இன்னிக்கே முடியுது. எல்லாம் விதி! மனசு கஷ்டமா இருந்தா நம்ம கடற்கரை பங்களாவுல ஒரு வாரம் தங்கி ஆத்திக்குங்க."

கணவர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். மகள் முகத்தில் எப்படி விழிப்பது? 'அப்பா, ஃபீஸ் கட்ட திங்கட்கிழமை கடைசி நாள்' என்று காலையில்கூடச் சொல்லிவிட்டுப் போனாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மனைவி அழவில்லை. பிணத்தின் அருகே மண்டி போட்டாள்.

"தொடாதீங்க மேடம்!" வரவேற்பறைப் பெண் குறுக்கே பாய்ந்தாள். "போலீஸ் வந்துதான் தொடணும்!"

"போலீஸ் வந்தாலும் எங்ககிட்டதான் அனுப்புவாங்க."

"ஏன்... நீங்க நர்ஸா?"

இங்கேதான் கம்பெனி கோட்டை விட்டது. ஒப்பந்தத்தில் 'மனைவியின் தொழில்' என்ற கட்டத்தில், டை கட்டியவன் 'ஆஸ்பத்திரி ஊழியர்' என்று அவசரமாக எழுதிவிட்டுக் கையெழுத்துக்குத் தாவிவிட்டான். எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்கவில்லை.

"நர்ஸ் இல்லம்மா," என்றாள் அவள் சாவகாசமாக. "மார்ச்சுவரி. பத்தொன்பது வருஷமா பிணத்தோடதான் குடித்தனம்."

வெளியே கிளார்க்கின் பிஸ்கட் பொத்தென்று டீக்குள் விழுந்தது.

பிணத்தின் தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது.

அவள் கைப்பையிலிருந்து நூல் கோர்த்த ஒரு அட்டையை எடுத்தாள். பிணத்தின் வலது ஷூவைக் கழற்றினாள். சாக்ஸை உருவினாள்.

"எ... என்ன பண்றீங்க?" மேனேஜர் டையைத் தளர்த்தினார்.

"கட்டைவிரல்ல டேக் கட்டணும் சார். இல்லன்னா பாடி மாறிடும். பேர் சொல்லும்மா, எழுதணும்."

வரவேற்பறைப் பெண் பழக்க தோஷத்தில் பெயர், அப்பா பெயர், வயது எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தாள்.

அவளுடைய பேனா நின்றது.

பிணத்தின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். எழுதி முடித்து, கட்டைவிரலில் நூலைச் சுற்றினாள்.

விரல் சுருண்டது!

"பார்த்தீங்களா? கூச்சம். சில பாடிக்கு அப்படித்தான்."

"மேடம், மத்ததை நாங்க பார்த்துக்கறோம்..."

"அதெப்படி சார்? டீயோட இந்தப் பொண்ணு உள்ள போனா. உடனே ஆள் காலி. டீயில என்ன இருந்துதோ?"

"நான் ஒண்ணும் கலக்கலை!" இந்தத் தடவை வரவேற்பறைப் பெண்ணின் அலறல் அசலானது.

"நீ சொன்னா ஆச்சா? வெட்டித்தான் பார்க்கணும். என்ன ஒண்ணு... எங்ககிட்ட புதுக் கத்தி இன்னும் வரலை. பழசு மழுங்கிப் போச்சு. நெஞ்சுலேர்ந்து தொப்புள் வரைக்கும் ஒரே இழுப்புல வராது. ரெண்டு மூணு தடவை அறுக்கணும்... மண்டைக்கு ரம்பம்தான்..."

பிணத்தின் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை.

"என்னங்க," என்றாள் கணவரிடம். "மணி என்ன?"

"நாலு ஐம்பத்து நாலு."

"அப்ப ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடறேன்." போனை எடுத்தாள்.

"பேனா... பேனா எங்கே!"

பிணம் எழுந்து உட்கார்ந்திருந்தது!

"பத்தொன்பது வருஷத்துல எழுந்து உட்கார்ந்த முதல் ஆள் சார் நீங்க!" அவள் கடிதத்தின் இரண்டு காப்பிகளையும் நீட்டினாள். "இங்கே ஒண்ணு. இங்கே ஒண்ணு. தேதி, நேரம், பேர், சீல்..."

ரத்து அதிகாரி இரண்டிலும் கையெழுத்துப் போட்டு சீலைக் குத்தினார். கணவரின் வாட்சில் நாலு ஐம்பத்தாறு. கணவர் ஒரு காப்பியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

மேனேஜர் மெல்லச் சிரித்தார்.

"கஷ்டப்பட்டீங்க மேடம். ஆனா அந்தக் கையெழுத்து செல்லாது."

"ஏன்?"

"ரெக்கார்டுபடி அவர் ஏழு மாசத்துக்கு முன்னாடியே செத்துட்டார்! உங்களை மாதிரி ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனார். அங்கே அரசு ஆஸ்பத்திரி பேர்ல இறப்புச் சான்றிதழே தாக்கல் பண்ணியிருக்கோம். செத்தவர் போட்ட கையெழுத்தை வச்சு என்ன பண்ணுவீங்க?"

கணவரின் கையிலிருந்த காகிதம் ஆடியது.

அவள் ஆடவில்லை.

"தெரியும் சார். பேரைக் கேட்டப்பவே தெரிஞ்சுது. 'இந்தப் பேர்ல ஒருத்தர் உங்க ஆஸ்பத்திரியில இறந்தாரா?'ன்னு கோர்ட்லேர்ந்து எங்களுக்குக் கடிதம் வந்துது. ரிஜிஸ்டரைப் புரட்டினா அப்படி ஒரு பாடி வந்ததே இல்ல! சான்றிதழ் இருக்கு, பாடி குறையுது, அதைத் தொலைச்சது நான்தான்னு எனக்கு மெமோ! அன்னிலேர்ந்து இல்லாத பிணத்தைத் தேடி ஐஸ் பெட்டி ஐஸ் பெட்டியா கையை விட்டுத் துழாவிக்கிட்டிருக்கேன்!"



"இப்ப நீங்களே சொல்லுங்க. அவர் உயிரோட இருக்கார்னா கையெழுத்து செல்லும். செத்துட்டார்னா பாடி என்னைச் சேர்ந்தது. எது வேணும்?"

மேனேஜர் ரத்து அதிகாரியைப் பார்த்தார். ரத்து அதிகாரி தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"செல்லும்!" என்றார் மேனேஜர் வறண்ட குரலில். "கையெழுத்து செல்லும். கட்டின பணம் மொத்தம்... இப்பவே தந்துடறேன்!"

காசோலை வந்தது. அதைக் கணவரின் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுவிட்டு, அவள் போனைக் காதில் வைத்தாள்.

"சார், அந்த ஒண்ணு கிடைச்சிருச்சு! ஆமா சார், டேக்கெல்லாம் கட்டியாச்சு. போலீஸோட வாங்க... வேன் வேண்டாம் சார், அது நடந்தே வரும்!"

"அம்மா! தாயே!" ரத்து அதிகாரி அவள் காலில் விழப்போனார். "எனக்குக் குடும்பம் இருக்கும்மா! அந்தச் சான்றிதழை எப்படியாவது ரத்து பண்ணிடுங்கம்மா!"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தாராளமா பண்ணலாம் சார். எழுத்து மூலமா, பத்து நாளுக்குள்ள, மார்ச்சுவரிக்கு நேர்ல வந்து கொடுத்திருக்கணும். உங்களுக்கு ஏழு மாசம் ஆயிடுச்சே!"