முதுகுத் தையல்

ஊசி கணவரின் முதுகில் இறங்கிவிட்டது. துணியைத் தாண்டிச் சதைக்குள் போனது தையல்காரியின் விரலுக்கே தெரிந்தது. அவர் மட்டும் அசையவில்லை.

"வலிக்கலையாங்க?"

"எங்க? ஒண்ணும் தெரியலையே."

நாடகக் குழு ஒன்று கேட்டிருந்த பழங்காலத்துச் சிப்பாய்க் கோட்டு அது. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய மாதிரி. கனத்த சிவப்புக் கம்பளி, பித்தளைப் பொத்தான்கள், தோளைப் பின்னுக்கு இழுத்து நெஞ்சை நிமிர்த்தும் வெட்டு. நடிகரும் கணவரும் ஒரே அளவு என்பதால் போட்டுப் பார்ப்பதெல்லாம் இவர் உடம்பில்தான். மேசையில் குனிந்தே கூன் விழுந்த முதுகு, கோட்டுக்குள் போனதும் நிமிர்ந்துவிட்டது.

"பாத்தியா, ராஜா மாதிரி இருக்கேன்."

"ராஜாவா? அது சிப்பாய் கோட்டுங்க."

உடம்பில் கிடக்கும் துணியைத் தைக்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் நடிகர் சாயங்காலம் வந்துவிடுவார், முதுகிலோ ஒரு விரற்கடை தொய்வு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, அவசரக்காரிக்கும் அப்படித்தான். அவரை நிற்க வைத்தபடியே தைக்கத் தொடங்கிவிட்டாள்.

வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, ஈரக் கம்பளியின் வாடை அறையெங்கும் நிறைந்திருக்க, நூல் துணியை உரசிக்கொண்டு போகும் சத்தம் சர், சர் என்று சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. முடிச்சுப் போட்டு நூலை வெட்டினாள். சத்தம் நிற்கவில்லை. கோட்டுக்குள்ளிருந்து வந்தது.

"கழட்டுங்க."

"கை தூக்க வரல."

பொத்தான்களை அவிழ்க்கப் போனாள். துளைகள் எல்லாம் மூடித் தைக்கப்பட்டிருந்தன. பொடிப்பொடியாக, நெருக்கமாக, அவளுடைய தையல்.

"சீக்கிரம்மா. மூச்சு முட்டுது." கம்பளிக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் இருந்தது குரல்.

கத்தரியை எடுத்து முதுகுத் தையலைப் பிரித்தாள். கம்பளி. அடியில் உள்துணி. அதற்கடியில் சட்டை இல்லை. இன்னொரு கம்பளி. அதையும் வெட்டினாள். மறுபடி உள்துணி. மறுபடி கம்பளி. கத்தரி நழுவியது. கையை விட்டுத் துழாவினாள். மணிக்கட்டு வரை உள்ளே போனது. முழங்கை. தோள்.

உடம்பு எங்கே?

"என்னங்க?"

எதிர்க் கண்ணாடியில் கழுத்துப்பட்டைக்கு மேல் அவர் முகம் மட்டும் இருந்தது. கண்கள் அவளையே பார்த்தன. நீர் வழிந்தது.

கையை இழுத்தாள். வரவில்லை.

சர். சர்.

உள்ளே ஓர் ஊசி அவள் விரலைத் துளைத்து மறுபக்கம் வந்தது. நூல் பின்னாலேயே இழுபட்டது.

கொஞ்சம்கூட வலிக்கவில்லை.