கதவு வரி

"இந்த டீயும் உங்க நானா மாதிரிதான். பார்க்க நல்லாத்தான் இருக்கு, வாயில வச்சா கசக்குது" என்று தாவூது கோப்பையைத் தள்ளி வைத்தார். சகீனா அதை எடுத்துக் கழுவப் போட்டாள். சில மாதங்களாகவே இந்த வீட்டில் எது கெட்டாலும் பழி அவளுடைய அண்ணன் பிலால் தலையில்தான் விழுந்தது. குழாயில் தண்ணீர் நின்றால்கூட நாகூர்க்காரர்களுக்குத்தான் திட்டு.

சகீனா நாகூரிலிருந்து மலாக்காவுக்கு, தஞ்சோங் கிளிங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தாவூது இங்கேயே பிறந்தவர். பாயா ரும்புட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நாகூரிலும் ஒரு வீடு இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார். அலைந்து திரிந்து, வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை எடுத்து, மச்சான் பிலாலிடமிருந்தே அவருடைய பழைய வீட்டை வாங்கினார். போனில் பேச்சு முழுக்க அவரேதான். "நான் பேசட்டுமாங்க?" என்று சகீனா கேட்டதற்கு, "வீடு வாங்குற விஷயம், நீ சும்மா இரு" என்று வாயை அடைத்துவிட்டார்.

பத்திரம் பதிந்த கையோடு, பல வருட வரி பாக்கியைக் கேட்டு அந்த வீட்டு வாசலில் நகராட்சி ஆள் வந்து நின்றார். மச்சான் ஏமாற்றிவிட்டான் என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது. சகீனா தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து அந்தப் பாக்கியை அடைத்தாள். அப்படியும் யார் மனமும் ஆறவில்லை. அண்ணனோடு பேசக் கூடாது என்று உத்தரவு வேறு. பிலாலும் போன் செய்து செய்து ஓய்ந்துபோனார்.

இப்போது அடுத்த வாரம் பிலாலின் மகளுக்கு நிக்காஹ்.

"எனக்கிருக்கறது ஒரே ஒரு நானாங்க... அவரு மக கல்யாணத்துல நான் இல்லன்னா எப்படிங்க?"

"தாராளமா போ. போனா அங்கேயே இருந்துக்க."

தாவூதின் அக்கா சாஹிரா, நாசி லெமாக் பொட்டலத்தோடு காலையிலேயே வந்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். தம்பி வீட்டுச் சண்டை என்றால் அவளுக்குப் பசியாறியது போல. "கூடப் பொறந்தவளையே ஏமாத்துனவன் வீட்டுல என்ன கல்யாணம் லா?"

"எங்க நானா அப்படிப்பட்டவரு இல்ல மதினி."

"இல்லியா? நீயே கேளுக்கா" என்று தாவூது எழுந்தேவிட்டார். "நான் விசாரிக்காம வாங்கினேனா? மலாய்ல சுக்காய் பிந்துன்னா அங்க புரியாதுன்னு சுத்தத் தமிழ்ல கேட்டேன். மச்சான், கதவு வரி பாக்கி இருக்கான்னு. சிரிக்கிறான்க்கா அவன். கதவுக்கெல்லாம் இங்க வரியே இல்ல மச்சான்னு சொல்றான்."

சகீனாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. இத்தனை மாதமும் 'வரி, வரி' என்று கத்தினாரே தவிர, எந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"என்ன வரின்னு கேட்டீங்க?"

"கதவு வரி. ஆறு மாசத்துக்கொருக்கா முனிசிபல்ல கட்டுறோமே, அதுதான்."

"அதுக்கு எங்க ஊர்ல வீட்டு வரின்னு பேருங்க. கதவு வரின்னா எந்த நாகூர்க்காரருக்குத் தெரியும்?"

தாவூது மெதுவாக உட்கார்ந்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "வீட்டு வரி பத்தியும் சொன்னாரு... 'அத நீங்க கட்டிக்குங்க மச்சான், அதுக்குத்தான் விலைய குறைச்சிருக்கேன்'னாரு. வீடு வாங்கையில கட்டுற முத்திரை வரியச் சொல்றாருன்னு நெனச்சேன். அதத்தான் கட்டிட்டேனே..."

"ஆக, எங்க நானா விவரத்தையும் சொல்லி, விலையையும் குறைச்சி, திருடன் பட்டமும் வாங்கிக்கிட்டாரு. நான் அவரு போன எடுக்காம, தலகாணிய நனைச்சிக்கிட்டுக் கெடந்தேன். அன்னிக்கு என்னைய ஒரு வார்த்தை பேச விட்டிருந்தா..."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார் பிலால்.

"சகீனாவா? நல்லாருக்கியாம்மா?"

அவள் அழுகைதான் அவருக்குக் கேட்டது. தாவூது தொண்டையைச் செருமி, "மச்சான்..." என்றார். "கல்யாணத்துக்கு வாறீங்கள்ல மச்சான்?" என்றார் பிலால். வரியைப் பற்றி, வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தாவூதால் "ம்" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. போனை வைத்த பிறகு, "எந்த ஊர்ல எந்த வரிக்கு என்ன பேருன்னு யாரு கண்டா..." என்று முனகிக்கொண்டே சாஹிரா பொட்டலத்தை மடித்தாள்.

தாவூது மனைவியின் வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடையில் வேலையாட்களை நடுங்க வைக்கும் மனிதர், கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் அங்க வருவேன் சகீனா? அவருகிட்ட என்னான்னு சொல்லுவேன்?"

அவள் கையை உடனே விடுவித்துக்கொள்ளவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒன்னும் சொல்ல வேணாம். எங்க நானா வீட்டுக் கதவத் தட்டுங்க. அதுக்கு எங்க ஊர்ல வரி கிடையாது."