சீரோட்டம்

பூங்கோதை அன்று காலை நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்ததற்கு, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கணவன் சொன்ன வாக்கியம்தான் காரணம்.

"தப்பு என் மேலதாங்க."

சேலம் குடும்ப இசைவு மன்றத்தில் பதினாறு வருடமாகத் தம்பதிகளைப் பேசவைத்து வழக்குகளைத் தீர்ப்பவள் அவள். அந்த மேசையில் ஆண்கள் அப்படிச் சொல்லி அவள் கேட்டது மிகக் குறைவு. அவன் சொன்ன மறுகணம் அறை இடப்பக்கமாகச் சுழன்றது. மேலே இருந்த மின்விசிறி சுவருக்கு வந்தது. மேசையைப் பிடிக்கப் போன கை காற்றைப் பிடித்தது.

நடுச்செவியில் நுண்ணதிரி வைத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. காதுக்குள்ளிருக்கும் குட்டி எலும்புகள் இறுகிப்போய், நாலு வருடமாகப் பிறர் உதடுகளைப் பார்த்தே காலத்தை ஓட்டியவள் அவள். அரிசி மணி அளவிலான அந்தக் கருவி எலும்பை நேராக அதிரவைத்ததும் உலகம் திரும்பி வந்தது. கடுகு வெடிப்பதைக் கேட்க அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். தலைசுற்றல் மட்டும் போகவில்லை. முதல் வாரம் எல்லோருக்கும் வரும் என்றார்கள். ஐந்தாவது வாரத்தில் கீழே விழுந்தாள்.

செவியியலர் இளம்பரிதி அவள் கருவியின் பதிவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"இரைச்சலைக் கழிச்சுப் பேச்சை மட்டும் அனுப்ப நுண்ணதிரிக்குக் கால் நொடி ஆகுதுங்க மேடம். அந்தத் தாமதம் தெரியாம இருக்க, அடுத்து என்ன வார்த்தை வரும்னு அதுவே கணிச்சுத் தயாரா வச்சிருக்கும். கணிப்பு தப்பாயிட்டா சட்டுனு திருத்தும். அந்த உதறல் உள்காதுத் திரவத்துல போய் முட்டுது. உடம்போட சமநிலையைப் பாத்துக்கிற உறுப்பும் அங்கதானே இருக்கு."

"அப்ப, யாராவது நினைக்காததைச் சொன்னா எனக்குத் தலை சுத்தும்."

"அப்படித்தான். அதுக்குச் சீரோட்டம்னு ஒரு அமைப்பு இருக்கு. போட்டுட்டா திருத்தவே திருத்தாது, கணிச்ச வார்த்தையையே கேக்க வைக்கும். அங்கங்க ஒண்ணு ரெண்டு வார்த்தை மாறும், அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷமா அதுலதான் ஓடுது."

அவள் கணவர் தணிகைவேல் முப்பது வருடம் இரும்பு வார்க்கும் பவுண்டரியின் இரைச்சலுக்குக் காதைக் கொடுத்தவர். அவளுக்கு முன்பே நுண்ணதிரி வைத்துக்கொண்டு, நீயும் வச்சுக்கோ என்று வற்புறுத்தியவர். ஒரு நாளும் அவருக்குத் தலை சுற்றியதில்லை. பூங்கோதை சரி என்றாள்.

அதன்பின் எல்லாம் நன்றாகவே போனது. பேருந்தில் நின்றபடி போனாள், மாடிப்படியில் கைப்பிடி தேவைப்படவில்லை. மன்றத்துக்கு வருகிறவர்கள்கூட நிதானமாகிவிட்டதாகத் தோன்றியது. மூன்று அமர்வு பிடிக்கும் வழக்குகள் ஒரே அமர்வில் முடிந்தன.

ஒரு வியாழக்கிழமை நிலவரசி என்ற பெண் வந்தாள். பக்கத்தில் கணவன். பேச்செல்லாம் முடிந்து, இப்போதெல்லாம் உதடுகளைப் பார்க்காத பூங்கோதை ஆணைத்தாளை நிரப்பிக்கொண்டே கேட்டாள்: "இவரோட போறியாம்மா?"

"போறேம்மா," என்று காதில் விழுந்தது. தலையாட்டிச் சிரித்து, சேர்ந்து வாழச் சொல்லும் இசைவு ஆணையில் கையெழுத்திட்டாள்.

அடுத்த செவ்வாய், நிலவரசி மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து ஒரு மனுவை மேசைமேல் வைத்தாள். 'போக மாட்டேன் என்று மூன்று முறை சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினீர்கள். உங்களுக்கே கேட்காதபோது வேறு யாரிடம் சொல்வது என்று போய்விட்டேன்.'

பூங்கோதை அன்றைய அமர்வின் எழுத்துப் பதிவைத் திறந்தாள். போக மாட்டேன். போக மாட்டேன். போக மாட்டேங்கறேன்ல. மூன்றும் அப்படியே பதிவாகியிருந்தன. அந்த மேசையில் கடைசியில் பெண்கள் வழக்கமாக எதைச் சொல்வார்கள் என்று கருவி பழகிவைத்திருந்தது. அதைத்தான் அவளுக்குக் கொடுத்தது.

அந்த ஆணையை அப்போதே ரத்து செய்தாள். நிலவரசியைக் காப்பகத்தில் சேர்க்க ஏற்பாடு செய்து, நடந்ததைத் தன் பெயரிலேயே புகாராக எழுதித் தலைமை அலுவலருக்கு அனுப்பினாள். பிறகு நேராக இளம்பரிதியிடம் போய்ச் சீரோட்டத்தை அணைக்கச் சொன்னாள்.

"திரும்பவும் விழுவீங்க மேடம்."

"உக்காந்துக்கறேன்."

அவர் தயங்கினார். "இதை அணைக்கச் சொல்லி இதுவரைக்கும் யாரும் வந்ததில்லீங்க."

சீரோட்டம் அணைந்த காதோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். தணிகைவேல் கதவைத் திறந்து, வெயிலைப் பற்றியும் தண்ணீர் லாரி வராததைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார். ஒரு மணி நேரம் ஆகியும் அவளுக்குத் தலை லேசாகக்கூட ஆடவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் கருவி எதிர்பாராததாக இல்லை.

"ஏங்க, இன்னிக்கு ஒரு விஷயம் தெரிஞ்சுது. ஒரு பொண்ணை அடிக்கிறவனோடயே அனுப்பிட்டேங்க. அவ கை உடைஞ்சு போச்சு."

"அப்பாடா, கேஸு முடிஞ்சுதா," என்றார் அவர் கனிவாக. "தோசை ஊத்தட்டுமா?"

அவள் மறுபடி சொன்னாள், மெதுவாக, முகத்துக்கு நேராக. அவர் அதே கனிவோடு சட்னி இருக்கிறது என்றார்.

பூங்கோதை மளிகை நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதினாள். நிலவரசி, மூன்று மறுப்பு, மாவுக்கட்டு, சீரோட்டம். கடைசியில், 'உங்கள் காதிலும் அதுதான் ஓடுகிறது' என்று எழுதி நீட்டினாள். தணிகைவேல் நின்றபடி படிக்க ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார். முடித்ததும் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார்.

"ரெண்டு வருஷமா நீ என்கூட ஒரு சண்டைகூடப் போடலேன்னு, நான் பாட்டுக்குச் சந்தோஷமா இருந்துட்டேன் கோதை," என்றார்.

அறை சுழன்றது. சுவர் சாய்ந்து வந்தது. பூங்கோதை இரண்டு கையாலும் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், "மேல சொல்லுங்க," என்றாள்.