பந்தல் கம்பி

விஜி மூன்றாவது முறையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். விரல் நுனியில் ஒட்டியிருந்த கறுப்பு போகவில்லை.

துரு கறுப்பாக இருக்காது. இரும்பு துருப்பிடித்தால் செம்பழுப்பு. மேலே பூசிய துத்தநாகம் கெட்டால் வெள்ளையாகப் பூக்கும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள், உப்புத்தாளை வைத்துக் கம்பியைத் தேய்க்கும்போதே இதைக் கவனித்திருக்க வேண்டும். கவனித்தாள். கவனித்துவிட்டு, கிரீஸாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கிரீஸுக்கு இந்த வாசனை கிடையாது. இது அடுப்பில் முடி விழுந்தால் எழுகிற வாசனை.

"விஜி! ஆரம்பிக்கலாம்ல? மணி மூணாச்சு."

பாட்டு ரூமிலிருந்து தமிழ்மாறன் கூப்பிட்டான். அவள் கையைத் துண்டில் துடைத்தாள். துண்டில் கறை படியவில்லை. கறுப்பு விரலிலேயே இருந்தது.

காமயகவுண்டன்பட்டிக்கு மேற்கே எட்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம், அதன் நடுவில் வீடு, வீட்டை ஒட்டி இந்தப் பாட்டு ரூம். ஒரு காலத்தில் பழப்பெட்டி அடுக்கிய அறை. ஜன்னலை அடைத்து, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அறைந்து, கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டி, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் தெரியாது. கொடியில் சாம்பல் நோய் வந்தால் கூலியாள் காட்டித்தான் தமிழ்மாறனுக்குத் தெரியும். புது வயர் ஓடி ஓடிப் 'பழகிருச்சா' என்பது மட்டும் அவன் காதுக்குத் தானாகத் தெரிந்துவிடும். தை மாதம் அவனுக்குக் கழுத்தை நீட்டியவள், ஆறு மாதமாக இந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தேனியில் ஆடியோ கடை வைத்திருக்கும் கிறிஸ்டோபர் புதுக் கேபிளோடு வந்திருந்தார். சாரைப்பாம்பு தடிமன். வெள்ளிச் சட்டை போட்ட மாதிரி ஒரு மினுக்கம்.

"அம்புக்குறி பாத்தீகளா தங்கச்சி? ஆம்ப்ல இருந்து ஸ்பீக்கரப் பாத்து இருக்கணும். மாத்திப் போட்டா பாட்டு செத்துரும்."

"இதுல ஓடுறது ஏசி கரண்டு தானண்ணே. போய்ப் போய்த் திரும்புறதுக்குத் திசை ஏது?"

"புஸ்தகம் வேற, காது வேற தங்கச்சி" என்று கிறிஸ்டோபர் சிரித்தார். தமிழ்மாறனும் சிரித்தான். பிறகு இருவரும் முட்டி போட்டு, கேபிள் தரையில் படக்கூடாதென்று எட்டுத் தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அதன்மேல் அதைப் படுக்கவைத்தார்கள். கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுகிறவர்கள்கூட அவ்வளவு மெதுவாகப் போட மாட்டார்கள்.

"நூறு மணி நேரம் ஓடட்டும் மாறா. அப்புறம் பாரு. வாசிக்கிறவரு மூச்சு விடுறது கேக்கும். ஆளே வந்து இங்கன நிப்பாரு."

நின்றால் காப்பி யார் போடுவது என்று விஜி கேட்கவில்லை. நினைப்பதில் பத்தில் ஒன்றுதான் அவள் வாய்க்கு வரும். அன்றைக்கு வந்தது வேறொன்று.

"கண்ணக் கட்டிக்கிட்டு உக்காருங்க. நான் திரைக்குப் பின்னால இருந்து வயர மாத்துறேன். பத்து தடவ. எட்டு தடவ சரியாச் சொல்லிட்டீகன்னா நான் வேலைக்குப் போகல. இல்லன்னா அடுத்த திங்கக்கிழம பஸ் ஏறிருவேன்."

தேனிக் கல்லூரியில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை வந்திருந்தது. சேரச் சொல்லிய நாள் அந்தத் திங்கட்கிழமை. மூன்று வாரமாக, "தோட்டத்த யாரு பாக்குறது, பாப்போம், பாப்போம்" என்று தமிழ்மாறன் இழுத்துக்கொண்டிருந்தான். கிறிஸ்டோபர் எதிரில் பின்வாங்க முடியாமல், "பத்தும் சொல்றேன் பாரு" என்று மார் தட்டினான்.

சாதாரணக் கடை வயரும் வெள்ளிக் கேபிளும் மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தவை. மூன்றாவதாக ஒன்றை அவள் தானாகச் சேர்த்துக்கொண்டாள். திராட்சைப் பந்தலில் இழுத்துக் கட்டுகிற, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி. பக்கத்துக்கு மூன்று மீட்டர் என்றால் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குத் தடை; எந்தக் காதுக்கும் வித்தியாசம் தெரியாது. பந்தல் கம்பியில் பாட்டைக் கேட்டு, 'ஆகா, வெள்ளிக் கேபிள்' என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காலையில் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூம் பக்கம் போனது.

ஆடிக் காற்று கூடலூர்ப் பக்கமிருந்து இறங்கி, எட்டு ஏக்கர் பந்தலையும் ஒரே சமயத்தில் மீட்டிக்கொண்டிருந்தது. கம்பிகள் அத்தனையும் தாழ்ந்த சுருதியில் ஒரே மாதிரி முனகின. மோட்டார் ரூம் சுவரில் பழைய கம்பிச் சுருள் ஒன்று தொங்கியது. நல்ல கம்பி. ஏன் சும்மா கிடக்கிறது என்று யோசித்தபடி எட்டி எடுத்தாள்.

"அதத் தொடாத தாயி."

பந்தலுக்கடியில் கொடி கட்டிக்கொண்டிருந்த சங்கிலியம்மாள், கட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"ஏன்க்கா?"

"எங்க வீட்டு ஆளு பிடிச்ச கம்பி அது. உசிரு போன கம்பியத் திரும்ப இழுத்துக் கட்ட மாட்டாக. ஆத்துல விடச் சொன்னேன். மொதலாளி காதுல வாங்கல. பழைய இரும்புக்காரன் கூட வேணாமுன்னுட்டுப் போயிட்டான்."

சங்கிலியம்மாளின் கணவன் சின்னக்கருப்பு போன ஆடியில் இதே தோட்டத்தில் இறந்தவன் என்று விஜிக்குத் தெரியும். காற்றில் லைன் அறுந்து பந்தலில் விழுந்தது; பந்தல் முழுக்கக் கரண்ட்; கொடி வெட்டிக்கொண்டிருந்தவன் கம்பியைப் பிடித்திருந்தான். கல்யாணத்துக்கு முன்பு நடந்தது. அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அவுக மூணு தடவ கூப்பிட்டாக, மெயின அமத்துங்கன்னு. மூணு தோட்டம் தள்ளி இருந்தவுகளுக்குக் கேட்டுருக்கு. அப்புறம் சத்தமில்ல. வெரலப் பிரிக்க முடியல தாயி. கம்பிய வெட்டித்தான் எடுத்தாக."

விஜிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. உள்ளே ஒருவன் வயருக்கு அம்புக்குறி பார்க்கிறான்; வெளியே ஒருத்தி கம்பிக்கு உயிர் பார்க்கிறாள். இரண்டு மூடத்தனத்துக்கும் ஒரே கம்பியில் பதில் சொல்லிவிடலாம். சங்கிலியம்மாள் அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும் நான்கு துண்டு வெட்டினாள். மூன்று துண்டு சுத்தமாக இருந்தன. ஒன்றின் முனையில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்பு.

திரும்பி வரும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மோட்டார் ரூமிலிருந்து பாட்டு ரூம் வரைக்கும், பந்தலைத் தாங்கும் கல்தூண்களின் தலையில், தூணுக்கு இரண்டு துளை. ஏதோ திருகி வைத்துப் பிறகு பிடுங்கிய துளைகள். அப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு, அந்தக் கறுத்த விரல்களோடு பாட்டு ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். ஆடிக் காற்று வெட்டிப்போட்டது போல நின்றது. பழைய திராட்சைச் சாற்றின் புளிப்பு வாசனை. தமிழ்மாறன் சாய்வு நாற்காலியில் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, ரிமோட்டை மடியில் வைத்து, பல் பிடுங்கக் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் திரைக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனாள். சுவரில் இந்த அறைக்கென்றே ஒரு மெயின் பெட்டி. 'தனி லைன். மோட்டாரோட கலக்காத சுத்தமான கரண்ட்' என்று கல்யாணமான மறுநாளே அவளைக் கூட்டிவந்து காட்டியிருந்தான். முன்பு மேலே வந்ததாம். இப்போது மண்ணுக்கடியில் குழாயில் வருகிறதாம்.

வழக்கமாக அவன் சோதிக்கிற இசைத்தட்டு. ஒற்றை வயலின், பின்னால் தம்புரா. வேறொன்றும் கிடையாது.

முதல் தடவை கடை வயர். "வெள்ளி" என்றான். இரண்டாவதும் கடை வயர்தான். "இது கட. மேலெல்லாம் அடைச்சாப்ல இருக்கு." மூன்றாவது வெள்ளி, "கட" என்றான். நான்காவது சரி. நான்கில் இரண்டு தப்பு. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதுதான் வந்திருக்கும். விஜி இருட்டில் உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

ஐந்தாவதற்குப் பந்தல் கம்பியை மாட்டினாள். கறுப்பு முனையுள்ள துண்டு இடது பக்கம் போயிற்று.

வயலின் தொடங்கியது. அதே வயலின்தான். தம்புராவின் சுருதி மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருப்பதாகப் பட்டது. தாழ்ந்து, விரிந்து, எட்டு ஏக்கர் அகலத்துக்கு ஆனது போல. அந்தச் சுருதியை அவள் காலையில்தான் கேட்டிருந்தாள்.

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். சாத்தியிருந்தது.

"இதுதான்டி!" தமிழ்மாறன் குரலில் அப்படியொரு பூரிப்பு. "கிறிஸ்டோபர் சொன்னது இதத்தான். வெள்ளி! என்னா காத்தோட்டம் பாரு!"

பந்தயத்தில் அவள் ஜெயித்துவிட்டாள். சிரிக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. வயலினுக்குப் பின்னால், இடது பக்கம், கத்தரி வெட்டுகிற சத்தம். சிக். சிக். நிதானமாக, பழகிய கை.

"மூச்சு விடுறது கேக்குதா விஜி?"

கேட்டது.

"கொரல் எவ்வளவு முன்னால வருது பாரு."

"கொரலா?"

"ஸ்பீக்கருக்கு ஒரு அடி முன்னால நிக்கிறாரு. என்னமோ சொல்றாரு."

"ஏங்க, அதுல பாட்டே கிடையாது. வெறும் வயலின்."

"உனக்கென்ன தெரியும், சும்மா இரு. சவுண்டு கூட்டுறேன்."

கூட்டினான். இப்போது அவளுக்கும் தெளிவாகக் கேட்டது. மொதலாளி. மெயின அமத்துங்க. மொதலாளி.

உலகத்தில் முதன்முதலாக மனிதக் குரலைப் பிடித்து வைத்த காந்தப் பதிவு எஃகுக் கம்பியில்தான் என்று அவள் படித்திருக்கிறாள். ஆனால் அதைத் திரும்பக் கேட்கக் காந்தத் தலை வேண்டும், சுருள் வேண்டும், கம்பி ஓட வேண்டும். இங்கே எதுவும் ஓடவில்லை. அவள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கணக்கு வேறெங்கோ போய் முட்டியது. தூணுக்கு இரண்டு துளை. மோட்டார் ரூமிலிருந்து பாட்டு ரூம் வரைக்கும். முன்பு மேலே வந்த தனி லைன். ஆடிக் காற்றில் அறுந்தது மின்வாரியத்து லைன் அல்ல; இந்த அறைக்கு வந்த லைன். அந்த நேரம் இவன் இந்த நாற்காலியில், இதே வயலினுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, சுத்தமான கரண்டை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்றைக்குக் கேட்டிருந்தால் இன்றைக்குக் குரல் அடையாளம் தெரிந்திருக்கும்.

மெயின் பெட்டி அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விஜி கையைக் கட்டிக்கொண்டாள். கேட்கட்டும், என்று நினைத்தாள். காதுக்காரன். நன்றாகக் கேட்கட்டும்.

"பக்கத்துல வர்றாரு விஜி" என்றான். குரலில் பூரிப்புக் குறைந்திருந்தது. "ரொம்பப் பக்கத்துல. விஜி, எங் கையத் தொடாத. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்ல."

அவள் திரைக்குப் பின்னால் இருந்தாள்.

"கைய விடு."

திரையின் இடுக்கில் பார்த்தாள். அவனுடைய இடது கை நாற்காலியிலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. மணிக்கட்டை யாரோ பிடித்துத் தூக்குவது போல. மேலே. இன்னும் மேலே. அந்த வாசனை அறை முழுவதும் நிறைந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். வயலின் நின்றது. முனகல் நிற்கவில்லை.

மெயினை அணைத்தாள். இருட்டு.

முனகல்.

பெட்டியைத் திறந்து பீஸ் கட்டையையே உருவினாள். இனி இந்த அறையில் ஒரு துளி கரண்ட் கிடையாது. திரையை விலக்கி செல்போன் விளக்கைப் போட்டாள்.

தமிழ்மாறன் நின்றிருந்தான். கண்ணில் துண்டு. குதிகால் தரையில் இல்லை. கட்டைவிரல் நுனியில், பந்தலை எட்டிப் பிடிக்கிறவன் மாதிரி, உடம்பு முழுக்க விறைத்து நின்றான். இடது கை தலைக்கு மேல். ஏழடி உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், நான்கு விரலும் இறுக மூடியிருந்தன. விரலிடுக்கில் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது.

வாய் திறந்தது. குரல் அவனுடையதல்ல.

"மெயின அமத்துங்க."

"அமத்திட்டேங்க" என்றாள். "அமத்தியாச்சு. இந்தா பாருங்க."

"மெயின அமத்துங்க."

ஓடிப்போய் நான்கு கம்பியையும் பிடுங்கி எறிந்தாள். நாற்காலியால் அவன் கையைத் தட்டினாள். கல்தூணைத் தட்டிய மாதிரி இருந்தது. விரல் பிரியவில்லை.

"மெயின அமத்துங்க."

மூன்று. மூன்று தடவைதான் கூப்பிட்டான் என்று சங்கிலியம்மாள் சொன்னாள். அதற்குப் பிறகு சத்தமில்லை. விஜி காத்திருந்தாள். பீஸ் கட்டை அவளுடைய கறுத்த விரல்களுக்குள் இருந்தது. அணைக்க இனி எதுவும் மிச்சமில்லை.

"மெயின அமத்துங்க" என்றது நான்காவது முறை.