கதவடியில் ஒரு காகிதத் துண்டு

தம்பியை ஐசோலேஷன் அறைக்குள் படுக்க வைத்துவிட்டு, வழக்கம்போல் கதவின் அடியில் ஒட்டியிருந்த மெல்லிய காகிதத் துண்டைப் பார்த்தேன். உள்ளே ஒரு விசிறி ஓயாமல் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் துண்டு உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வெளியே பறந்தால் நோய்க்காற்று வராந்தாவுக்கு வருகிறது என்று அர்த்தம். அப்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது, நர்ஸாக வேலை பார்க்கும் சொந்த அக்காவானாலும் சரி.

துண்டு நல்ல பிள்ளையாக உள்ளே சாய்ந்திருந்தது.

போன வாரம் அதே கட்டிலில்தான் ஒரு தையல்காரம்மா இறந்துபோனார். "கிளவுஸைக் கழட்டிட்டு ஒரு தடவ என் கையப் பிடிங்கம்மா" என்று கடைசிவரை கெஞ்சினார். பாவம், யாராலும் முடியவில்லை.

சாயங்காலம் கண்ணாடி வழியே பார்த்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. தம்பியின் ஆக்சிஜன் மாஸ்க் நழுவித் தாடையில் கிடந்தது. கவச உடையை மாட்டிக்கொண்டு குனிந்தேன்.

துண்டு வெளியே பறந்தது.

பிறகு உள்ளே. மறுபடி வெளியே.

நான் கூப்பிட்டதும் ஓடிவந்த மெக்கானிக் அண்ணன் கதவருகே இருந்த காற்றழுத்த மீட்டரைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "விசிறி சரியாத்தான் இழுக்குது சிஸ்டர். இது... யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு. போகாதீங்க, ரூல்ஸ் இருக்கு."

"உங்க ரூல்ஸைக் குப்பையில போடுங்கண்ணே!"

உள்ளே போய் மாஸ்க்கைப் பொருத்தினேன். கிருமிநாசினி நெடியையும் மீறித் தையல் மெஷின் எண்ணெய் வாடை அடித்தது.

"அக்கா, அந்தப் பக்கம் போகாத," தம்பி முனகினான். "அம்மா உக்காந்திருக்காங்க."

"எந்த அம்மாடா?"

"தெரியல. என் கையப் பிடிச்சிருக்காங்க. விரல் நுனியெல்லாம் சொரசொரன்னு இருக்கு."

"விடச் சொல்லுடா!"

"சொன்னேன்க்கா. தனியாப் போகப் பயமா இருக்காம்."

அவன் உதடுகள் நீலம் பாரித்துக்கொண்டிருந்தன. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையைக் கட்டிலருகே காலியாக இருந்த நாற்காலியை நோக்கி நீட்டினேன்.

"அவன விட்டுருங்கம்மா. நான் பிடிச்சுக்கறேன்."

ஜில்லென்று ஏதோ என் விரல்களுக்குள் நுழைந்தது.

தம்பி பிழைத்துக்கொண்டான். இப்போது கட்டிலில் கிடப்பது நான். மூச்சு பாதிதான் வருகிறது. சொரசொரப்பான அந்தக் கை இன்னும் என்னை விடவில்லை.

இன்று தம்பி, பார்க்க வருபவர்களுக்குத் தரும் கவச உடையும் கையுறையும் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்கிறான். குனிந்து கதவடியில் அந்தத் துண்டைப் பார்க்கிறான். நிமிரும்போது அவன் கண்களில் எல்லாம் புரிந்துவிட்டது தெரிகிறது.

கையுறைகளைக் கழற்றுகிறான்.

"வேணாம்டா!" என்று கத்துகிறேன். மாஸ்க்கைத் தாண்டிச் சத்தம் போகவில்லை.

கதவு திறக்கிறது.

என்னைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன.