காலியாக வேண்டிய பக்கம்

நான்கு கட்டங்களில் முடிய வேண்டிய ஸ்லைடு ஐந்தாவதாக ஒன்றைக் காட்டியது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்று மணிக்கு வாய்மொழித் தேர்வு. கட்டடத்தில் தீப்பிடித்தால் மனிதர்கள் எந்த வழியாகத் தப்பிப்பார்கள் என்று ஐந்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட ஆராய்ச்சி, கடைசியில் இந்த ஒரு படத்தில் வந்து நின்றது. உதாரணத்துக்கு, தான் உட்கார்ந்திருக்கும் இந்த நிலத்தடித் தளத்தையே வரைந்திருந்தாள். நீளமான நடைவழி, அதன் ஒரு கோடியில் படிக்கட்டு, இருபுறமும் அறைகள், உள்ளே நீலப் புள்ளிகளாக மனிதர்கள். கட்டத்துக்குக் கட்டம் சில புள்ளிகள் படியேறி மறையும். நான்காவதில் தளம் காலி. அதோடு முடிய வேண்டும்.

"எல்லாத்தையும் ஒரேயடியா கொட்டாதம்மா, ஒண்ணொண்ணா காட்டு" என்று வழிகாட்டிப் பேராசிரியர் படுத்திய பாட்டில் வந்த வினை இது. இழுத்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும் சாதாரண மென்பொருளில் செய்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். இவர்கள் துறையில் அது கௌரவக் குறைச்சல். எந்தப் புள்ளி எந்தக் கட்டத்தில் வரவேண்டும், எதில் போகவேண்டும் என்று வரிவரியாக எழுதி ஓடவிட வேண்டும். அது கட்டத்துக்கு ஒரு பக்கமாக அச்சுக்கோத்துத் தரும். போகச் சொல்லாததெல்லாம் அடுத்த பக்கத்திலும் அப்படியே இருக்கும், அதோடு புதிதாக ஒன்று சேரும். அடுத்து வரப்போவதை முன்கூட்டியே சாம்பல் நிறத்தில் மங்கலாகக் காட்டும்படி வேறு ஒரு கட்டளை போட்டிருந்தாள். அது மட்டும் அவளுடைய சொந்த அதிகப்பிரசங்கித்தனம்.

ஐந்தாவது பக்கத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன. ஒன்று கடைசி அறைக்குள், சிவப்பாக. எதையாவது குறிப்பாகக் கவனிக்க வைக்கத்தான் சிவப்பு கொடுப்பாள், இந்தப் படத்தில் அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. இன்னொன்று அந்த அறைக்கு வெளியே, சுவரோரம், நீலமாக.

"எலி!" கதவுக்கு வெளியே நடைவழி நாற்காலியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். வருடக்கணக்காக இந்தக் கடைசி அறையில் அடைந்து கிடக்கும் தங்கைக்கு அவள் வைத்த பெயர் அது. தேர்வு நாளில் தனியாக விடக்கூடாது என்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். "உன் புள்ளியெல்லாம் பொழைச்சுதா?"

"ரெண்டு மாட்டிக்கிட்டிருக்கு. கொஞ்சம் சும்மா இரேன்க்கா."

"சாகடிச்சுடாதடி. பாவம்."

சிரிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. கதவைத் தாழ்போட்டுக்கொண்டதே அக்காவின் வாயிலிருந்து தப்பிக்கத்தான். மறுபடி ஓடவிட்டாள். லேப்டாப்பின் விசிறி இரைய ஆரம்பித்தது. ஜன்னலே இல்லாத அந்த அறையில் பழைய கம்பளத்தின் ஈர நெடியும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் கலந்து தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ள, தலைக்கு மேலே குழல்விளக்கு விட்டுவிட்டு முனகியது, அந்த முனகலுக்கு ஏற்றபடி நாற்காலியின் நிழல் சுவரில் சற்றே விலகி விலகி ஒட்டியது. இந்த முறை ஆறு பக்கங்கள். ஆறாவதில் படிக்கட்டின் அடியில் ஒரு சாம்பல் புள்ளி. இனி வரப்போவது.

முதலில் வந்தது எரிச்சல்தான். மறுபடி ஓடவிட்டாள். ஏழு பக்கங்கள். சாம்பல் புள்ளி நடைவழியின் பாதிக்கு வந்திருந்தது. நிறமும் கொஞ்சம் அடர்ந்திருந்தது.

வெளியே தூரத்தில் ஏதோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. நின்றது.

"அக்கா, யாராவது வராங்களா?"

"யாரும் இல்லையே. படிக்கட்டுப் பக்கம் லைட்டு மட்டும் போயிடுச்சு. ஏன்டி?"

அப்போதுதான் பயந்தாள். கடைசி அறையில் ஒருத்தி. வெளியே சுவரோரம் ஒருத்தி. உடனே கதவைத் திறந்து அக்காவை உள்ளே இழுத்திருக்கலாம். ஆனால் மணி இரண்டரை. தூக்கமில்லாத கண்ணுக்கு எல்லாம் பேயாகத்தான் தெரியும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, கட்டளைகளின் கடைசிக்குப் போனாள். எழுதியதாக நினைவே இல்லாத மூன்று வரிகள் அங்கே இருந்தன. ஒன்று அறைக்குள் இருக்கும் புள்ளிக்கு, அடுத்தது நாற்காலிப் புள்ளிக்கு, மூன்றாவது சாம்பல் புள்ளிக்கு. மூன்றாவதில் கட்ட எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறுகோடு, கோட்டுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. முடியும் எண்ணைப் போடாவிட்டால் அது கடைசிப் பக்கம்வரை படத்தைவிட்டுப் போகாது. அவள் வழக்கமாகச் செய்கிற தப்பு, பேராசிரியரிடம் வழக்கமாகத் திட்டு வாங்குகிற தப்பு. நான்தான் எழுதித் தொலைத்திருப்பேன் என்று ஆத்திரத்தோடு வரியைப் பிடித்து அழித்தாள். ஓடவிட்டாள்.

சாம்பல் புள்ளி இருந்தது.

நாற்காலிப் புள்ளி இல்லை.

அவசரத்தில் மூன்றாவதை விட்டு, அதற்கு மேல் வரியை அழித்திருந்தாள்.

"அக்கா?"

அழித்ததை மீட்கும் விசையை அழுத்தினாள். வரவில்லை. அந்த வரியைத் திரும்பத் தட்டினாள். ஓடவிட்டாள். புள்ளி வரவில்லை.

"அக்கா! விளையாடாத! அக்கா!"

கதவுக்கு வெளியே, வெகு அருகில்:

"எலி."

அக்காவின் குரல். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. ஓடிப்போய்த் தாழில் கை வைத்தாள்.

"எலி, கதவை."

அதே குரல். அதே இழுப்பு. முதல் சொல்லில் மயிரிழை மாற்றமில்லை.

"எலி, கதவைத் தொற."

கை தாழிலேயே நின்றுவிட்டது. முன்பு இருந்தது அப்படியே. புதிதாக ஒன்று.

"எலி, கதவைத் தொற. அக்கா."

வேண்டாம்.

"எலி, கதவைத் தொற. அக்கா இனி."

காதைப் பொத்திக்கொண்டாள். கேட்டது.

"எலி, கதவைத் தொற. அக்கா இனி வரமாட்டா."

கதவடியில் தெரிந்த வெளிச்சம் அணைந்தது. பின்னால் நகர்ந்தாள். மேசை இடுப்பில் இடித்தது. திரும்பினாள். எந்த விசையையும் அவள் தொடவில்லை. பக்கம் நகர்ந்திருந்தது.

படிக்கட்டு காலி. நடைவழி காலி. கடைசி அறையில் சிவப்புப் புள்ளி. அதை ஒட்டியே இன்னொன்று.

அது இப்போது சாம்பலாக இல்லை.

கதவின் தாழ் போட்டது போட்டபடியே இருந்தது.