அறுபத்தொன்றாம் நம்பர் வில்லை

பூட்டுத் தொழிற்சாலையின் பெரிய கதவில் வேறு கம்பெனிப் பூட்டு தொங்கியது. அதைப் பார்த்ததும் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க," என்றார் காவலாளி. "முதல்ல இங்க செஞ்ச பூட்டுதான் தொங்குச்சு. சாவி தொலைஞ்சு போச்சு. மூணு பேர் அரை நாள் உட்கார்ந்து அறுத்தோம். அந்த வம்பே வேணாம்னுதான் இதை வாங்கி மாட்டினேன்."

தொழிற்சாலை மூடி முப்பது வருடம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்கள். அதற்குள் பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று வரலாற்று டீச்சர் தலைமையாசிரியரை நச்சரித்து அனுமதி வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பையே ஒரு பஸ்ஸில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

கதவைத் தாண்டியதும் சுவரில் ஒரு நீளமான மரப்பலகை. அதன் இடது பாதியில் 'வெளியே' என்றும் வலது பாதியில் 'உள்ளே' என்றும் எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக ஆணிகள். இடது பக்கத்தில் மட்டும் எண் பொறித்த பித்தளை வில்லைகள் தொங்கின.

"இது எதுக்கு மாமா?" என்று கேட்டாள் மிளகு.

"வேலைக்கு வர்றவங்க ஆளுக்கு ஒரு வில்லையை எடுத்து 'உள்ளே' பக்கம் மாட்டிட்டுப் போகணும். திரும்பிப் போறப்போ 'வெளியே' பக்கம் மாட்டணும். வலது பக்கம் காலியானாத்தான் கதவைப் பூட்டலாம். ஒண்ணே ஒண்ணு தொங்கினாக்கூடப் பூட்டக் கூடாது."

டீச்சருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "நாமளும் அப்படியே செய்வோம். மிளகு, நீ பக்கத்துல நின்னு பாத்துக்கோ. நாலு மணிக்குத் திரும்பறப்போவும் நீதான்."

மிளகு என்பது வகுப்பு வைத்த பெயர். ஆள் பொடிசு, பேச்சில் காரம் அதிகம். பொறுப்பு கொடுத்துவிட்டால் காரம் இன்னும் கொஞ்சம் ஏறும்.

வில்லை எடுப்பதற்குள் பெரிய களேபரம். வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய பையன், நூறாம் நம்பர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான். கணக்குப் பரீட்சையில் கிடைக்காதது இங்கேயாவது கிடைக்கட்டும் என்றான். ஏழாம் நம்பருக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். அவர்களை மிளகு பிரித்துக்கொண்டிருந்தபோது, "நான் எதை எடுக்கட்டும்?" என்று பின்னால் ஒரு மெல்லிய குரல் கேட்டது. "ஏதாவது ஒண்ணை எடேன்," என்றாள் மிளகு. திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு வாடை. தகடு வெட்டும் இயந்திரங்கள் துருப்பிடித்து நின்றன. சாவிக்குப் பல் வெட்டும் மேசைகளின் முன்னால் தரையில் இரண்டு இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஒரே இடத்தில் வருடக்கணக்காக நின்றவர்களின் கால் தேய்த்த பள்ளங்கள் அவை. ரேடியோ ஒன்றில் தன் கால்களை வைத்துப் பார்த்தான். பள்ளத்தில் பாதிகூட நிரம்பவில்லை.

கோடியில் சோதனைக்கூடம். சுவரோடு சுவராக எட்டு அறைகள், எட்டுக் கதவுகள், ஒவ்வொன்றிலும் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் ஒரு பூட்டு. இங்கே வேலை செய்தவர்கள் ஒரு பூட்டை ஆயிரம் தடவை பூட்டித் திறப்பார்களாம். ஒரு தடவை சிக்கினாலும் அந்தப் பூட்டு கடைக்குப் போகாது.

நாலு மணிக்கு எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். வில்லைகளை முண்டியடித்துக்கொண்டு மாற்றி மாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினார்கள். காவலாளி சங்கிலியைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் இருங்க மாமா," என்றாள் மிளகு. வலது பக்கத்தில் ஒரு வில்லை தொங்கியது. அறுபத்தொன்று.

"யாரோ மாட்ட மறந்திருப்பாங்க," என்றார் டீச்சர். ஆனாலும் பெயர்ப் பட்டியலோடு பஸ்ஸில் ஏறி எண்ணினார். "பட்டியல்லயும் இருபத்துமூணு, பஸ்ல உன்னையும் சேத்து இருபத்துமூணு. சரியா இருக்கு. வா, போலாம்."

டிரைவர் ஹார்னை அடித்தார். மிளகு நகரவில்லை.

கணக்கு என்னவோ சரிதான். அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. வீணாக எல்லோரையும் நிறுத்திவைத்தால் திங்கட்கிழமை முழுக்கக் கேலி செய்வார்கள். ஆனால் இந்தக் கதவை இப்போது பூட்டினால் இரண்டு நாள் யாரும் திறக்க மாட்டார்கள். 

"டீச்சர், மறந்தவங்க யாருன்னு கண்டுபிடிச்சிட்டா நானே மாத்தி மாட்டிடறேன். ஒரே நிமிஷம்."

பஸ்ஸில் ஏறி ஒவ்வொருவரிடமும் நம்பரைக் கேட்டாள். நூறு, ஏழு, பதினெட்டு, நாற்பது. தன்னுடையதையும் சேர்த்து இருபத்துமூன்று நம்பர்கள் வந்தன. அறுபத்தொன்றை யாரும் சொல்லவில்லை.

"அப்போ அது பேயோட வில்லை," என்றான் ரேடியோ.

"பேய் எதுக்குடா வில்லை மாட்டுது? அது சுவர் வழியாவே போயிடுமே," என்ற மிளகு, சட்டென்று நின்றாள். கடைசி சீட்டில் ஒரு பச்சைப் பை மட்டும் கிடந்தது. "இது யாரோட பை?"

எல்லோரும் தங்கள் தங்கள் பையைத் தூக்கிக் காட்டினார்கள். மிளகுக்கு அந்த மெல்லிய குரல் நினைவுக்கு வந்தது. முகம் சுள்ளென்று சுட்டது.

"டீச்சர், புதன்கிழமை சேர்ந்தாளே, அந்தப் பொண்ணு."

டீச்சர் பட்டியலைப் பார்த்தார். புதிதாகச் சேர்ந்தவளின் பெயர் அலுவலகத்திலிருந்து இன்னும் பட்டியலுக்கு வரவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினார். பின்னால் மிளகும் காவலாளியும் டிரைவரும் ஓடினார்கள்.

"யாராவது இருக்கியாம்மா?" என்று காவலாளி ஒவ்வொரு கூடத்திலும் குரல் கொடுத்தார். சோதனைக்கூடத்துக்கு வந்தபோதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஆறாவது கதவு.

"இங்கதான் இருக்கேன்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "எட்டிப் பாக்க வந்தேன், கதவு தானா சாத்திக்கிச்சு. திறக்க வரல."

காவலாளி தன்னிடம் இருந்த சாவிகளை எல்லாம் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சேரவில்லை. தோளால் இடித்தார். தோள்தான் வலித்தது.

"முப்பது வருஷம் கழிச்சும் எப்படிப் பிடிக்குது பாரு," என்றார் தோளைத் தடவிக்கொண்டே.

"பூட்டை விடுங்க மாமா. கதவை அந்தப் பக்கமாத் திறக்க முடியாதா?" என்று மிளகு கீல்களைக் காட்டினாள். கீல்கள் வெளிப்பக்கம்தான் இருந்தன.

டிரைவர் பஸ்ஸிலிருந்து சுத்தியலும் திருப்புளியும் எடுத்து வந்தார். கீல்களின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினார். கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பூட்டு மட்டும் கடைசி வரை விடவில்லை.

அந்தப் பெண் வெளியே வந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. டீச்சர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடும்மா. தப்பு என்னோடது," என்றார். பிள்ளைகளிடம் அவர் அப்படிச் சொல்லி மிளகு கேட்டதே இல்லை.

"முதல்ல பயமா இல்ல டீச்சர். என் வில்லை 'உள்ளே' பக்கம்தானே தொங்குது, பாத்துட்டு வருவாங்கன்னு நெனச்சேன். அப்புறம் பஸ் ஹார்ன் கேட்டுச்சு. அப்பதான் அழுதேன்."

வாசலில் அவளே அறுபத்தொன்றை எடுத்து இடது பக்கம் மாட்டினாள். வலது பக்கம் காலி. காவலாளி ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினார்.

பஸ் கிளம்பியதும் மிளகு முன் சீட்டை விட்டு எழுந்து கடைசி சீட்டுக்குப் போய், அந்தப் பெண்ணின் பச்சைப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  காரமெல்லாம் எங்கே போனதோ.

"நீ வில்லை எடுத்தப்போ நான் திரும்பிக்கூடப் பாக்கல," என்றாள். "உன் பேர் என்ன?"

அந்தப் பெண் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"மூணு நாளா யாராவது கேப்பீங்கன்னு பாத்துட்டிருந்தேன்," என்றாள்.

பிறகு பையை மடியில் எடுத்து வைத்து இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்து, தன் பெயரைச் சொன்னாள்.